ஐந்து பீடித் தூரம்

என் மனைவிக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தபோது எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஒன்பது மாதம். அவள் தோப்பூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வருடமாகச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நான் மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடும் லோஞ்ச் படகில் கயிறு போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அவள் படிக்கப் போவது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படிப்பு இரண்டு வருடம். விடுதியில் தங்க வேண்டும். கடிதத்தில் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அன்று வந்து இடத்தைப் பார்த்து, பகல் பன்னிரண்டுக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வர ஏலுமெண்டால் சேருறன். ஏலாதெண்டால் எனக்கு வேண்டாம்," என்றாள்.

"ஏன்?"

"நீங்கள் ஒரு கிழமைக்குக் கதைக்கிறதே பத்துச் சொல்லு. அதையும் கேக்காமல் இருக்க ஏலாது."

அந்த நாள் வந்தது. காலை லோஞ்சில் போனோம். லோஞ்சை ஓட்டும் தண்டையல் என்னைக் கண்டதும் கத்தினார்.

"என்ன மச்சான், இண்டைக்கு நீ பயணியா? கயிறத் தொட்டுப்போடாத. அங்க போய்க் குந்து."

குந்தினேன். எனக்குப் பதிலாக வந்தவன் போட்ட முடிச்சு சரியில்லை. குடாவைக் கடக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கலாசாலை திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் பக்கம், ஏற்றத்தில். பஸ் இருந்தது. ஆனால் ஆமி மறித்துச் சோதிக்கும் ஒவ்வொரு சென்றியிலும் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, நடந்து தாண்டி, திரும்ப ஏற வேண்டும். நடப்பதே விரைவு.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேற்றன் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஆம்பிளையள் உள்ளுக்கு வர ஏலாது. இந்தக் கதிரையில இருங்கோ."

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு விடுவீங்கள், மேற்றன்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு."

கடைசி லோஞ்ச் துறையில், ஜெட்டியிலிருந்து, இரண்டரைக்குப் புறப்படும். நேவி குறித்த நேரம். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அரை மணித்தியாலத்தில ஜெட்டிக்குப் போக ஏலுமோ?"

"பாப்பம்," என்றேன்.

அவள் உள்ளே போனாள். வரும்போது கதைத்துக்கொண்டும் நின்று நின்றும் வந்ததில் எனக்குத் தூரம் பிடிபடவில்லை. என்னிடம் மணிக்கூடு கிடையாது. கதிரையை விட்டு எழுந்து, வாசலில் ஒரு பீடியைப் பற்றவைத்து, ஜெட்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது. முதல் சென்றியில் ஆமிக்காரர் பீடியைப் பார்த்து விரலை நீட்டினார். எறிந்தேன். வெறுங்கையோடு வரிசையில் நின்றேன். அந்த வரிசைக்கு ஒரு பீடி என்று மனதில் போட்டுக்கொண்டேன். ஜெட்டிக்குப் போனபோது எல்லாமாக ஐந்து.

திரும்பி ஏறினேன்.

இதற்கிடையில் அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். விடுதியைப் பார்த்துவிட்டு வந்தால் கதிரை காலி. விடுதிப் பிள்ளைகளுக்கு அது போதும்.

"அக்கா, அண்ணை ஓடிட்டார்!"

"சேருறதுக்கு முதலே விட்டுட்டுப் போட்டார்!"

"சொல்லிப்போட்டுப் போகேல்லையோ?" என்று மேற்றன் கேட்டாராம்.

"அவர் சொல்லிச் செய்த காரியம் கலியாணம் ஒண்டுதான், மேற்றன்."

சிரித்துத்தான் சொன்னாளாம். ஆனால் சம்மதப் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். நான் மனம் மாறிப் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

நான் வந்தபோது பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. அவள் படிவம் வாங்கும் கந்தோர் யன்னலடியில் நின்றாள்.

"எங்க போனீங்கள்?"

"ஜெட்டிக்கு."

"ஏன்?"

"ஐஞ்சு."

"என்ன ஐஞ்சு?"

"பீடி."

"தை பிறந்தால் விடுறன் எண்டனீங்கள். ஒரு காலமைக்குள்ள ஐஞ்சோ?"

"தூரம்," என்றேன்.

யன்னலுக்கு உள்ளே இருந்த கிளாக்கர் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு பீடி எத்தினை நிமிசம், அண்ணை?"

எனக்குத் தெரியாது. பீடி முடியும்வரைதான் பீடி.

"பத்தவையுங்கோ. பாப்பம்," என்று கைமணிக்கூட்டைக் கழற்றினார்.

பற்றவைத்தேன். விறாந்தை முழுக்கப் பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். நான் பீடி குடிப்பதை அவ்வளவு பேர் பார்த்தது அன்று மட்டும்தான்.

"மெல்ல இழுக்காதேங்கோ அண்ணை, அக்கா லோஞ்சை விட்டிடுவா!"

"அணையப் போகுது, இழுங்கோ இழுங்கோ!"

மேற்றன் அதட்டவில்லை. மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார்.

"ஏழு நிமிசம்," என்றார் கிளாக்கர். "அப்ப முப்பத்தைஞ்சு."

சிரிப்பு நின்றது. ஐந்து நிமிடம் பிந்துகிறது. கிட்டத்தட்ட ஒரு பீடி.

"ஐஞ்சு நிமிசம்தானே, அக்கா ஓடட்டும்," என்றாள் ஒரு பிள்ளை.

"சென்றிக்கு முன்னால ஓடினால் லோஞ்சுக்குப் போக மாட்டா. வேற இடத்துக்குத்தான் போவா," என்றார் மேற்றன்.

அவள் பைக்குள் கை விட்டு மடித்த படிவத்தை எடுத்தாள். திருப்பிக் கொடுக்கத்தான்.

"லோஞ்ச் நிக்கும்," என்றேன்.

"எப்பிடி நிக்கும்? நேவி நேரம் சொன்னால் நேரம்தானே."

"கயிறு அவிழ்க்கிறது நான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளாக்கர் பேனாவை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார்.

"முடிச்சு சில நேரம் இறுகும்," என்றேன்.

"எவ்வளவு நேரத்துக்கு இறுகும்?"

"ஒரு பீடி."

அவள் படிவத்தை யன்னல் விளிம்பில் விரித்து, மடிப்பைக் கையால் தேய்த்துவிட்டு எழுதினாள். கீழே நானும் கையெழுத்து வைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு முடிச்சு இறுகியது. கரையில் நின்ற நேவிக்காரர் விசில் ஊதினார்.

"என்னடா மச்சான், கலியாணம் முடிச்ச பிறகு கையில பலமில்லையா?" என்று தண்டையல் கத்தினார். லோஞ்ச் முழுக்கச் சிரித்தது. அவள் குடையோடு வந்து ஏறி, என்னை அறியாதவள் போலப் பெண்களோடு போய் இருந்தாள். மூன்றாம் வெள்ளிக்கிழமை அந்தப் பெண்கள் என் கையைப் பார்க்கவில்லை. அவள் வரும் தெருவைப் பார்த்தார்கள்.

மாரி காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நேவிக்காரர் விசிலோடு நிற்கவில்லை. கிட்ட வந்து, என் கையை விலக்கி, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். அவிழ்ந்துவிட்டது. அது இறுகியே இருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். தெருவில் அவளைக் காணவில்லை.

லோஞ்ச் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. திரும்பினேன். தண்டையல் ஒரு துணியால் முன் கண்ணாடியை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மழை. கண் தெரியல்ல," என்றார்.

அந்த நேரம் மழை விட்டிருந்தது.

அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஜெட்டிப் பலகையில் வந்தாள். கை கொடுத்து ஏற்றினேன்.

"பீடி மணக்குது," என்றாள்.

"ஒண்டுதான்," என்றேன்.