மாமாவால் வேகம் கூட்ட முடியாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அம்மா உறை தைத்துப் போட்டிருந்தாள். பழைய புடவையைக் கிழித்து, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது. பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளையின் பாவாடை போலவே இருக்கும். மானிட்டருக்கு ஒன்று, கீழே நின்ற பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்குக்கூட ஒன்று. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரை பெட்டியின் நெற்றியில் காய்ந்து கிடக்கும். அந்த வீட்டில் அவ்வளவு மரியாதையோடு நடத்தப்பட்டது அது ஒன்றுதான்.

அப்பா அமெரிக்காவுக்குப் புறப்படும் முன் வாங்கி வைத்துவிட்டுப் போனது அது. இரண்டு வருஷ வேலை, முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அசெம்பிள்டு வாங்கினா நாளைக்கு ஒண்ணுன்னா யாருப்பா பொறுப்பு? பிராண்டட்னா ஒரு போன் போட்டா ஆள் வீட்டுக்கே வருவான்" என்றார். அப்பாவுக்குப் பொறுப்பு ரொம்ப முக்கியம்.

நாங்கள் அப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். ஆரணியிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. தெருவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே சர்ச், ஒரே பாட்டுக் குழு, போதாததற்கு ஒருவருக்கொருவர் சொந்தம் வேறு. நடுவில் நான் எங்கே போய் நுழைவது? அம்மா ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு வேலை முடித்து, இருட்டிய பிறகு பஸ் பிடித்து வருவாள். பள்ளி விட்டதும் கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, முதலில் கம்ப்யூட்டரைத்தான் போடுவேன். அதன் விசிறிச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருப்பது மாதிரி இருக்கும். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே உடுத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விடும். அந்த அமைதியில் கம்ப்யூட்டர் திரையில் அப்பா வருவார். அவருக்கு அது சனிக்கிழமை சாயங்காலம். உருண்டைக் கேமராவுக்கு முன் நான் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா கேமராவுக்குள் வரவே மாட்டாள். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, அப்பாவுக்குக் கேட்காதபடி எனக்கு மட்டும் வாயசைப்பாள். எப்ப வரார்னு கேளு.

நான் கேட்பேன். கேட்டதும் படம் நின்றுவிடும். அதுவரை மார்க் என்ன, சாப்பிட்டாயா, கன்னடம் கற்றுக்கொண்டாயா என்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்த முகம் அப்படியே உறைந்து போகும். கொஞ்ச நேரம் கழித்து அசையும். அசைந்ததும், சரிம்மா, வேலை இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வாரா வாரம் இதே கதை. பதிலைக் கொண்டுவர நம்முடைய கம்ப்யூட்டருக்கு வேகம் பத்தவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அந்த வயதில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வேகம் என்றால் மாமாதான். சந்தாபுராவில் ஓர் அறையெடுத்து, பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். தாமே சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தார். அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே டேபிள் ஃபேன் காற்று படுகிற மாதிரி வைத்திருப்பார். கம்பெனிக்காரன் இவ்வளவுதான் ஓடும் என்று சொல்லி விற்ற சிப்பை அதற்கு மேலேயும் ஓட வைக்கலாம், அதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். செலவே இல்லாமல் வேகம் கூடும் என்பார். அவர் மட்டும் வந்து கை வைத்தால் அப்பாவின் பதில் எனக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்பினேன்.

நான் போனில் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரும் ஒரு சிடியுமாக வந்து இறங்கினார். "மொதல்ல இந்தப் பாவாடையைக் கழட்டுக்கா. மூச்சு முட்டியே அது செத்துடும்" என்றபடி உட்கார்ந்தார்.

பட்டனைப் போட்டதும் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. இங்கேதான் எல்லா வித்தையும் இருக்கிறது என்று கையைத் தேய்த்துக்கொண்டார். தேதி மாற்றலாம், மணி மாற்றலாம், கம்ப்யூட்டர் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று மாற்றலாம், பாஸ்வேர்டு வைக்கலாம். அவ்வளவுதான். மேலே போனார், கீழே போனார், பக்கவாட்டில் போனார். அவருடைய கம்ப்யூட்டரில் இதே இடத்தில் பக்கம் பக்கமாக இருக்குமாம். "மணி பாக்கறதுக்கா இத்தனை பெரிய பெட்டி?" என்றார்.

பெட்டியைத் திறக்கலாம் என்றால் மூட்டில் ஒரு சீல் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் கம்பெனி ஆள் வரமாட்டான். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "கிழி. கூப்பிட்டா மட்டும் வந்துடப் போறாங்களா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே இன்னும் மோசம். போர்டு கடையில் கிடைக்காத ஏதோ வடிவத்தில் இருந்தது. சிப்பின் மேல் பெரிய விசிறி வைக்கலாம் என்றால், ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கரண்ட் கொடுக்கிற டப்பாவோ இருக்கிறதை ஓட்டவே திணறுகிற சைஸ். வேகத்தை மாற்றுகிற ஊசிகள் போர்டில் எங்கேயாவது இருக்கும் என்று டார்ச் அடித்துத் தேடினார், அகப்படவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி வாங்க வேண்டும், ஒரே மாதிரி ஓட்ட வேண்டும், யாரும் எதையும் தொடக் கூடாது என்று செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று புலம்பினார்.

கடைசியாக சிடியைப் போட்டார். அதிலிருந்த ஒரு மென்பொருளில் வேகத்தைக் கூட்டுகிற ஒரு கட்டையை மவுஸால் கொஞ்சம் நகர்த்தினார். திரை நின்றது. அணைத்துப் போட்டால் வரவே இல்லை. உள்ளே விசிறி மட்டும் வெறுமனே சுற்றியது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.

மாமாவுக்கும் வேர்த்துவிட்டது. காசு மாதிரி இருந்த ஒரு பேட்டரியைக் கழற்றி, டீ குடித்து வரும்வரை விட்டு, திரும்பப் போட்டார். வந்துவிட்டது. ஆனால் தேதி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது. அப்பா இன்னும் அமெரிக்காவுக்குப் போகாத வருஷம். அதை அப்படியே விட்டுவிடு மாமா என்றேன். அப்படி விட்டால் அப்பாவோடு பேச முடியாது பாப்பா என்று சொல்லி அவர் சரியாக்கினார். என்னைச் சமாதானப்படுத்த, படம் எப்படி வருகிறது என்றும் விளக்கினார். "முழுசா வராது பாப்பா. கட்டம் கட்டமா வரும். எது அசையுதோ அந்தக் கட்டம் மட்டும் புதுசா வரும். நாளைக்கு இருந்து பாக்கறேன், எங்க மாட்டுதுன்னு."

மறுநாள் அவர் கேமராவில் படாமல் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அப்பா வந்தார். மார்க் கேட்டார். சாப்பிட்டாயா என்றார். அம்மா வாசலில் நின்று வாயசைத்தாள். நான் கேட்டேன்.

"எப்பப்பா வருவ?"

படம் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம், மாமா கண்ணெதிரிலேயே மாட்டிக்கொண்டது என்று. அப்பாவின் கண் என்னைப் பார்க்காமல் கீழே எங்கோ பார்த்தபடி நின்றுவிட்டது. அவர் பின்னால் ஜன்னலில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அது காற்றில் மெல்ல உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"பாரு மாமா, கர்ட்டன் கட்டம் மட்டும் வருது. அப்பா கட்டம் வரல."

மாமா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். திரைச்சீலை இன்னொரு முறை உள்ளே வந்து போனது. மாமா கையை நீட்டி, பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரை கறுத்தது.

"ஹேங் ஆயிடுச்சு பாப்பா. கம்பெனிப் பெட்டி இல்லையா, அப்படித்தான்."

அம்மா வாசலிலிருந்து, என்ன சொன்னார் என்று கேட்டாள். மாமா அவளைத் திரும்பிப் பார்க்காமல், லைன் போயிடுச்சுக்கா என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சூடு ஆறாத பெட்டிக்கு அந்தப் பாவாடையை எடுத்து மாட்டிவிட்டாள்.

எனக்கு மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் வேகம் கூட்டுகிறேன் என்று பீற்றிக்கொண்டவர், ஒரு பெட்டியிடம் தோற்றுப் போய் உட்கார்ந்திருக்கிறார். உன்னால ஒண்ணும் முடியாது மாமா என்று சொல்லியேவிட்டேன். ஆமா பாப்பா, இது என்னால முடியாது என்று ஒத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க, பள்ளி விட்டு வந்து வெறும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மாமாவுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. மார்க்கைப் பற்றிப் பேசினால் படம் நிற்பதில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலும் நிற்பதில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் நிற்கிறது. அந்த மெஷினால் அதைத் தூக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கேட்கவில்லை. அம்மாவும் வாயசைக்கவில்லை. அப்பா சிரித்தார், கையசைத்தார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னார், வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். சரியாயிடுச்சு மாமா, நானே சரி பண்ணிட்டேன் என்று கத்தினேன். எப்படி என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். எப்ப வருவன்னு அப்பாகிட்ட கேக்கறதில்ல மாமா, அவ்ளோதான், இப்ப சூப்பரா ஓடுது.

அந்தப் பக்கம் அவருடைய டேபிள் ஃபேன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இதுவும் ஹேங் ஆகிவிட்டதோ என்று நினைத்து, ஹலோ மாமா, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.