கிளையன்ட்டிடம் தோற்பது எப்படி?

ஒரு வாரமாக ஆபீஸில் நான் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. ஆறாவது மாடிக்குப் படிக்கட்டுதான். தொப்பையைக் குறைக்கிறேன் என்று என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்...

போன வெள்ளிக்கிழமை அமெரிக்காவிலிருந்து கிளையன்ட் வந்திருந்தார். லின்டா. ஐம்பது வயது, கலகலப்பான பெண்மணி. கிளையன்ட் வந்தால் எங்கள் ஹைதராபாத் ஆபீஸில் என்ன நடக்கும்? வாசலில் கோலம், கழுத்தில் மாலை, மதியம் பிரியாணி. அவர் எது கேட்டாலும் "யெஸ்"!

சாயங்காலம் கேன்டீன் பக்கம் வந்தவர் டேபிள் டென்னிஸ் மேஜையைப் பார்த்துவிட்டார். "என்னோடு யார் ஆடுவது?"

எல்லோரும் பத்மாவைக் கை காட்டினார்கள். என் டீமில் இருப்பவள். பல தலைமுறையாக செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் ஹைதராபாத் உருது எட்டிப் பார்க்கும். காலேஜ் நாட்களில் மாநில அளவில் ஆடியவள்.

அடுத்த வருஷ கான்ட்ராக்ட்டில் லின்டா இன்னும் கையெழுத்துப் போடவில்லையே! பத்மா அருகில் போய்க் கிசுகிசுத்தேன். லின்டாவுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியம்தான்.

"ஜெயிச்சுக் கியிச்சுத் தொலைச்சிடாதம்மா."

"கைக்கு... ஏன் சார்? ஃப்ரெண்ட்லி கேம்தானே?"

"அதனாலதாம்மா!"

தோற்றாள். வாகாக வந்த பந்தையெல்லாம் வலையில் அடித்தாள். லின்டாவுக்கு டீமே கைதட்டியது. எனக்குப் பெருமை வேறு — பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு!

லின்டா மட்டையை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இந்தப் பெண் வேண்டுமென்றே தோற்கிறாள். காலையில் மீட்டிங்கில், 'மாசக் கடைசிக்குள் எல்லாம் ரெடி' என்றீர்களே... அதுவும் இப்படித்தானா?"

கைதட்டல் நின்றுவிட்டது. அதுவும் இப்படித்தான். பாதி வேலைகூட முடியவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"தேங்க்ஸ். இனி நான் பிளான் பண்ணிக்கொள்ளலாம்" என்றார் லின்டா. பத்மாவிடம் திரும்பி, "இப்போது ஆடலாமா?"

ஆடினாள். அடேயப்பா! லின்டாவுக்கு இரண்டே பாயின்ட். ஆனால் தோற்றுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாரே... ஜெயித்தபோது அது வரவில்லை.

வீக்கான ஆளுக்கு விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். குழந்தையோடு ஆடும்போது சரி. வளர்ந்த மனுஷியிடம்? 'உன்னால் உண்மையைத் தாங்க முடியாது' என்று நாமே முடிவுகட்டுவது அல்லவா அது? அதுவும் நான் விட்டுக்கொடுக்கக்கூட இல்லை. இன்னொருத்தியை விட்டுக்கொடுக்க வைத்தேன். நினைத்தாலே கூசுகிறது.

ஸாரி சொல்லலாம் என்று போனேன். பத்மா லிஃப்ட்டுக்காக நின்றிருந்தாள்.

"ஸாரி எல்லாம் நக்கோ சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன அப்ரைசல்ல எனக்கு 'எக்ஸலன்ட்'னு போட்டீங்களே... அதுவும் விட்டுக்கொடுத்ததுதானா?"

லிஃப்ட் வந்தது. நான் படிக்கட்டுப் பக்கம் நடந்தேன்.