ஸ்டெல்லா கேட்ட ஆன்டிவைரஸ்

உடுமலைப்பேட்டையில் தோப்புத் தேங்காயை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தனபால் கூப்பிட்டார். நம் கம்பெனியின் டிசைன் பிரிவில் இன்றும் இருப்பவர். "சார், நம்ம ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். கம்பெனியை விட்டு வந்த இந்த நான்கு வருடங்களில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் கோவையில், அவருடைய பங்குத் தேவாலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலிக்குப் போனேன். இதைப் படிக்கும் பழைய சகாக்களே, உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி ஊட்ல நல்ல விதமாத்தான் சொல்லுவா சார்" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நம் கம்பெனியில் ஸ்டெல்லா கணினிகளைப் பார்த்துக்கொண்டார். நான் நிர்வாக மேலாளர். அலுவலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள். அவற்றுக்கு ஆன்டிவைரஸ் வாங்கும் தாளில் நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே இன்னொரு தாளோடு வந்தார். டிசைன் பிரிவில் இருந்த மூன்று மேக் கணினிகளுக்கும், டிசைன்களையெல்லாம் சேமித்து வைத்திருந்த லினக்ஸ் கணினிக்கும் தனியாக வேண்டும் என்றார்.

"மேக்குக்கு எதுக்குங்கம்மணி? அதுக்கெல்லாம் வைரஸே வராதுன்னு தனபால் சொல்றாரே" என்றேன்.

"வராதுன்னு இல்லீங்க சார், கொறச்சல். அதுக்கு ஒண்ணும் ஆகாட்டியும், அதுல வந்து உக்காந்திருக்கிற ஃபைலை நாமளே நம்மகிட்ட வாங்கற பையருக்கு அனுப்பிப்போடுவோமுங்க. அவங்க விண்டோஸ்ல தொறந்தா அங்க வேலையைக் காட்டிரும்."

ஒரு மேக்கில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தேன். அவர் போட்ட முதல் மென்பொருள் பெரிய டிசைன் ஃபைல்களைத் திறக்கும்போதெல்லாம் கணினியை நிற்க வைத்தது. தனபால் என்னிடம் வந்து கோபப்பட்டார். இன்னும் இரண்டு இருக்கின்றன, இரண்டு வாரம் கொடுத்தால் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஸ்டெல்லா கேட்டார். அன்றைக்கு எனக்கு வேறு தலைவலிகள். அவருடைய தாளின் கீழே 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்து, சாயம் போடும் ஒரு இடத்திலிருந்து டிசைன் பிரிவுக்கு ஒரு எக்செல் ஃபைல் வந்தது. மேக்கில் அது எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. நிறப் பட்டியலோடு சேர்த்து அதை வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பிவிட்டோம். இரண்டு நாளில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நம் ஃபைலால் அவர்களுடைய ஒரு பிரிவே வேலை செய்ய முடியாமல் நின்றுபோனது; இனி நம் மின்னஞ்சலை ஏற்கப்போவதில்லை என்றிருந்தது. அந்த சீசனுக்கான மாதிரிகளுக்கு ஒப்புதல் வாங்க முடியாமல் தறிகள் காத்துக்கிடந்தன.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "சிஸ்டத்துக்கு யாரு பொறுப்பு?"

"நான்தானுங்க சார்" என்றார் ஸ்டெல்லா.

"இதைக்கூடப் பாக்கமாட்டீங்களாம்மா?"

ஸ்டெல்லா ஒருமுறை என்னைப் பார்த்தார். கோப்பு அவர் மடியில் இருந்தது. அதற்குள் என் கையெழுத்து இருந்தது. நான் பையரின் கடிதத்தைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். "இனிமே இப்படி வராம பாத்துக்கறேனுங்க" என்று அவர் சொல்லி முடித்தபோதும் நான் நிமிரவில்லை.

அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய கணினிப் பிரிவு மேலாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்டெல்லா அவருக்குக் கீழே வேலை பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்த நான்கு கணினிகளுக்கும் ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுத்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, "லினக்ஸுக்கும் எங்க சாஃப்ட்வேர் ஓடும் மேடம்" என்றார். "எந்த வெர்ஷன்லீங்க? இதோ இந்த மிஷின்ல போட்டுக் காட்டுங்க" என்றார் ஸ்டெல்லா. நம்மிடம் இருந்தது பழைய வெர்ஷன். அரை நாள் முயன்றும் ஓடவில்லை. எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்கினால் சுலபம் என்று புது மேலாளர் சொன்னபோது, "நமக்குச் சுலபமுங்க, மிஷினுக்கு ஒத்து வரோணுமில்லீங்க" என்று லினக்ஸுக்கு வேறொன்றை எடுத்தார். தீங்கு செய்யாத ஒரு சோதனை ஃபைலை ஒவ்வொரு கணினியிலும் போட்டு, பிடிக்கிறதா என்று பார்த்தார். மேக்குகளை முழுதாகச் சோதிக்கும் வேலையை டிசைன் பிரிவினர் சாப்பிடப் போகும் நேரத்துக்கு மாற்றி வைத்தார். "எப்பப் போட்டீங்கன்னே தெரியலீங்க மேடம்" என்று தனபால் பின்னொரு நாள் சொன்னார். முதல் தடவையே இரண்டு வாரம் கொடுத்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு, கேன்டீனில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு மீட்டிங்ல அந்தத் தாளை நீங்க எடுத்துக் காட்டியிருக்கலாமுங்க" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "காட்டியிருந்தா தினமும் கையெழுத்துக்கு உங்ககிட்ட வந்து நிக்க முடியுமுங்களா சார்?" என்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆனா நீங்களே சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

போவதற்குள் முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தினார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளி கூப்பிட்ட அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். ஸ்டெல்லா கவனிக்காமல் விட்டதாகத்தான் உங்களில் சிலர் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் கவனித்தார், எழுதிக் கொடுத்தார், அவகாசம் கேட்டார். வேண்டாம் என்றவன் நான். முதலாளிக்கும் அவர் கணவருக்கும் இதைத் தனித்தனியே எழுதி அனுப்பிவிட்டேன். கேட்க வேண்டியவர் கேட்கப்போவதில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கேன்டீனில் 'நீங்களே சொல்லியிருக்கலாமுங்க' என்ற அந்தக் குரல். அதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு, எப்போதோ மறந்திருப்பேன்.