கோவளத்துத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரஹ்மத்துல்லா இரண்டு வெள்ளைக் கேன்களை வெறும் தண்ணீரால் அலசுவார். சோப்பு வாடை இருந்தால் தொட்டி மீனுக்கு ஆகாது. அலசிய கேன்களைக் கவிழ்த்து உதறி, மூடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருவார். மாமல்லபுரத்தில் இறங்கினால் கடல் கூப்பிடு தூரம். அவர் இறங்குவார். ஆனால் கடல் பக்கம் திரும்பாமல், வடக்கே போகும் இன்னொரு பேருந்தில் ஏறிக் கோவளம் போய்த்தான் தண்ணீர் எடுப்பார்.

நீதிமன்ற வாசலில் டைப் அடிக்கும் பன்னீர்செல்வம், போன் பேச வரும்போதெல்லாம் இதை விடுவதில்லை.

"மாபலிபுரத்துல கீறது கடல் இல்லாம இன்னா பாய், குட்டையா?"

"அங்க ஜனம் ஜாஸ்தி. தண்ணி கலீஜு."

"கோவளத்துல மட்டும் வடிகட்டி வுடறானா?"

"லைன் கெடச்சிடுச்சு. போய்ப் பேசு."

கேட்டவருக்கும் காரணம் தெரியும். பாயின் மனைவி சைதூன் கோவளத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

ரஹ்மத்துல்லாவுக்கு வீட்டின் முன்னறையிலேயே எஸ்.டி.டி. பூத். அது தொண்ணூறுகளின் கடைசி. கைபேசி பெரிய மனிதர்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் துபாய்க்கும் திருச்சிக்கும் பேச அவருடைய கண்ணாடிக் கூண்டுக்குள்தான் போயாக வேண்டும். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ரிசீவரை ஈரத் துணியால் துடைப்பார். உள்ளே யாராவது அழ ஆரம்பித்தால் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். இந்த நாகரிகத்தைப் பலர் புகழ்வார்கள். நாகரிகம்தானா, இல்லை அழுகையைக் கேட்கத் தெரியாத குறையா என்பது சந்தேகம். ஊரார் தங்கள் வீட்டோடு பேச வழி செய்து கொடுப்பவர், அந்த பூத்திலிருந்து கோவளத்துக்கு ஒரு தடவைகூட எண் சுழற்றியதில்லை.

கூண்டுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி இருந்தது. இரண்டு குடம் தண்ணீர் கொள்ளாது. அடியில் மணல், நடுவே செத்த பவளக் கல் ஒன்று, கல்லில் ஒரு பொந்து. பொந்துக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீன். முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சள். பவளப்பாறை இடுக்குகளில் வாழும் சாதி, ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். லைனுக்காக அசையாமல் காத்திருப்பவர்கள் சில நேரம் அதைப் பார்ப்பார்கள். தீனி போட்டு, பாசி சுரண்டி, பம்ப் துடைக்கும் ரஹ்மத்துல்லா மட்டும் பார்ப்பது அபூர்வம். அவர் நிழல் பட்டதும் மீன் உள்ளே போய்விடும். தண்ணீருக்குள் அது கண்ட கை அவர் கை ஒன்றுதான்.

"தோ பாய், வந்துச்சு, வந்துச்சு!" என்பார் பன்னீர்செல்வம். பாய் திரும்புவதற்குள் வெறும் கல் இருக்கும்.

அந்த மூலையில் முன்பு சைதூனின் தையல் மிஷின் இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. சைதூனின் அண்ணன் ஃபர்தீனின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, கைக்குழந்தையாக இருந்த அஃப்ஷீனைத் தாங்கள் எடுத்து வளர்க்கலாம் என்று சைதூன் கேட்டாள். கணவரிடம் அவள் வாய் திறந்து கேட்ட பெரிய காரியம் அது ஒன்றுதான்.

"வூட்ல எடம் ஏது?" என்றார் அவர். "இன்னொருத்தர் புள்ளய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

அந்த மாதமே சென்னைக்குப் போய்த் தொட்டியும் பம்பும் மீனுமாக வந்தார். மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தொட்டியை வைத்தார். சைதூன் வாசலில் நின்று பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் எடம் கீதா?"

அவர் பம்பின் வயரைச் சொருகிக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் கோவளம் போனாள்.

ரஹ்மத்துல்லா கெட்டவர் அல்ல. ஆனால் ஒருவர் கெட்டவர் அல்ல என்பதால் அவர் செய்தது நல்லதாகிவிடாது. போன கையோடு சைதூன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள்: "புள்ளயும் வரட்டும்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அன்னிக்கே வந்துடறேன்." அந்த ஒரு வார்த்தையை அவர் மறுக்கவில்லை, சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாகக் கேன்களை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

கோவளத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டானது. பள்ளிவாசல் தெரு வழியாக நடந்து, ஃபர்தீன் வீட்டைத் தாண்டும்போது நடையைத் தளர்த்துவார். ஃபர்தீன் கூப்பிடுவான். வாசலிலேயே நின்று தேநீர் குடிப்பார். சைதூன் கதவுக்குப் பின்னால் நின்று, "மீனு நல்லா கீதா?" என்று கேட்பாள். "கீது" என்பார். கணவனும் மனைவியும் வாரம் முழுவதும் பேசுவது அவ்வளவுதான். பிறகு அவர் கடலுக்குப் போவார். திரும்பும்போது வேறு தெரு.

ஃபர்தீனுக்கு இறால் பண்ணையில் வேலை. உப்புத் தண்ணீர் அவனுக்குப் பழக்கம். ஒரு கோடையில் கேன்களைக் காட்டிக் கேட்டான்.

"மச்சான், இத்தினி தண்ணி இன்னா பண்றீங்க?"

"தொட்டியில கொறையுது. ஊத்தறேன்."

"கொறையறதுக்குக் கடல் தண்ணியவா ஊத்துவாங்க? ஆவியா போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்க போவும்? அங்கயேதான் கீது. எங்க குட்டையில கோடைக்குப் போர் தண்ணி வுட்டுத்தான் உப்ப எறக்குவோம். நீங்களும் நல்ல தண்ணியே ஊத்துங்க. கடல் தண்ணி மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் மாத்தினா போதும்."

ரஹ்மத்துல்லாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. தொட்டியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கை அவர்தானே தினமும் நகத்தால் சுரண்டுகிறார். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றால், மற்ற ஞாயிறுகளில் அவர் எதற்காக வருகிறார்? வந்துவிட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டலாம். கொட்டினால், தண்ணீருக்காக வரவில்லை என்று தனக்கே ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்றவர்களிடம் பொய் சொல்வது எளிது. தன்னிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் மனிதன் படாத பாடு படுகிறான். கொண்டுவந்ததை எல்லாம் அவர் தொட்டியிலேயே ஊற்றினார்.

அந்த வருடம் வெயில் கடுமை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தொட்டி நீர் சீக்கிரம் இறங்கியது. இறங்க இறங்க ஊற்றினார். ஒரு நாள் காலை கடையைத் திறந்தபோது மீன் பொந்தை விட்டு வெளியே நின்றிருந்தது. அவர் கிட்டே போனார். அது ஓடவில்லை. கண்ணாடி ஓரமாக, செவுள் படபடக்க, அவரைப் பார்ப்பது போல நின்றது. அதன் ஊதாவையும் மஞ்சளையும் அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கண்டது அன்றுதான்.

"பன்னீரு, பாத்தியா? பழகிடுச்சு."

"பரவால்ல பாய். உங்களுக்கும் மொகம் காட்டிடுச்சு. ஆனா இன்னா, மூச்சு வாங்குறாப்புல கீதே?"

"அது சந்தோசம்யா."

மூச்சு முட்டுகிற உயிருக்கு ஒளிந்துகொள்ளத் தெம்பு இருக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. அந்த ஞாயிறு கோவளத்தில், தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "மீனு வெளிய வந்துடுச்சு. இப்பல்லாம் ஆளப் பாத்தாலும் ஒளியறதில்ல." கதவுக்குப் பின்னாலிருந்து அஃப்ஷீன் தலையை நீட்டினாள். ஓடியாடும் பெண்ணாகிவிட்டிருந்தாள். "நெசமாவா மாமா?" என்றாள். "நெசம்தாம்மா" என்று சிரித்தார். அந்த வாசலில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு கேன்களோடு திரும்பி வந்தபோது மீன் மணல்மேல் பக்கவாட்டில் கிடந்தது. கேனில் இருந்ததை அவசரமாக ஊற்றிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் எடுத்தார். நிறம் அதற்குள் மங்கியிருந்தது. கடைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி மூடினார்.

தொட்டியின் விளக்கை அணைக்கவில்லை, பம்பையும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், பொந்தைப் பார்த்தார்கள். "உள்ள தூங்குது போல" என்று பன்னீர்செல்வம் தானே சொல்லிக்கொண்டார். கூச்சமுள்ள மீன் இருக்கும் தொட்டிக்கும், மீனே இல்லாத தொட்டிக்கும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் இல்லை.

அடுத்த ஞாயிறும் அவர் கேன்களை அலசினார். ஃபர்தீன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தேநீர் இல்லாமலே கடலுக்குப் போனார். கைலியை மடித்துக் கட்டி முதல் கேனை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"மாமா!"

அஃப்ஷீன் பெருநாளைக்கு எடுத்த கவுனில், காலில் ஷூவோடு நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி சைதூன். மறு கையில் உடுதுணி திணித்த ஒரு பை. அவர் தண்ணீர் எடுக்கும் கரைக்கு அவள் வந்தது இதுவே முதல் தடவை. முக்காட்டைக் காற்று இழுக்க, அவரைப் பார்க்காமல் படகுகளைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு வாரமா ஒரே பேஜாரு இதோட. மீனப் பாக்கணுமாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு காலைலயே கெளம்பி, வூட்ட சாத்தச் சொல்லி இங்க இஸ்துகினு வந்துடுச்சு."

அவர் சொல்ல வேண்டிய வார்த்தையை அவளே பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள். மீதிக்கு ஒரு தலையசைப்பு போதும். அழைத்துப் போகலாம். போனால் வெறும் தொட்டி. மீன் எப்போது செத்தது என்று சைதூன் கேட்பாள். போன வாரம் என்றால், அப்புறம் இன்றைக்கு இந்தக் கேன் எதற்கு என்று கேட்பாள்.

"நானும் வரட்டா மாமா?"

"இல்லம்மா… அது கூச்சப்படும். புது ஆளப் பாத்தா பொந்துக்குள்ள பூந்துக்கும்."

"நான் சத்தமே போட மாட்டேன் மாமா. தூரமா நின்னு பாக்கறேன்."

சைதூன் இப்போது படகுகளைப் பார்க்கவில்லை.

"தண்ணிக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள்.

கையில் இருந்த கேன் கழுத்துவரை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. "ஓரத்துத் தண்ணி கலீஜு" என்று சொல்லி ரஹ்மத்துல்லா அதை அலையிலேயே முழுவதும் கவிழ்த்தார். கைலியை இன்னும் ஒரு மடிப்பு தூக்கிக் கட்டிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி இடுப்பளவு நீரில் இறங்கி, முதலிலிருந்து மொள்ள ஆரம்பித்தார்.