போனஸை முழுதாக வாங்கியவள்

ஃப்ளோரபெல் என்ற பெயரை நாங்கள் முதலில் கேட்டது ஐஸ் வியாபாரி நெஸ்தோரின் சாவு வீட்டில். நெஸ்தோர், எங்கள் தெரு சலுத் அம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சலுத்தின் மூத்த மகன் தியோதுலோ கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவன். அவன் மியகாவ் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்தான் இவள். அடக்கம் வரை நாள்கணக்கில் உள்ளே சவப்பெட்டி, வாசல் பந்தலில் சீட்டாட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயித்தவர் காசில் ஒரு பங்கு தகரடப்பாவில் விழும், அடக்கச் செலவுக்கு. அதனால் ஜெயித்தவர் பாதியில் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் அசிங்கம்.

"யாருப்பா அந்தப் பொண்ணு? தினம் ஜெயிக்குது, தினம் கடைசி வரைக்கும் உக்காந்திருக்கு."

"ஃப்ளோரபெல். சலுத்தோட மருமக."

"கப்பக்காரன் பொண்டாட்டியா? அப்ப வீட்டுக்குப் போயி மட்டும் என்ன பண்ணப்போவுது, உக்காரட்டும்."

பந்தல் சிரித்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்த சலுத் சிரிக்கவில்லை.

பெண்டாட்டி முகத்தையும் மகள் முகத்தையும் பார்க்க வேண்டுமென்று தியோதுலோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கப்பல் ஏறினான். அதில் இன்டர்நெட்டிலேயே காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்தைத் திறந்து காட்டியது அவன் தம்பி ருவேல், இன்டர்நெட் கடையில் வேலை செய்தவன். ஃப்ளோரபெல் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருவாள். நமக்குப் பகல், அமெரிக்காக்காரனுக்குத் தூக்கம் சொக்கும் நேரம்; அவன் கண்ட சீட்டுக்கும் காசு போடுவான், இவள் நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பாள்.

போனஸ் சங்கதியையும் ருவேல்தான் சொன்னான். நாம் எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்காரர்களும் தருவார்கள்; ஆனால் கையில் தரமாட்டார்கள். ஆட ஆட, ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு சேரச் சேர, பத்துப் பத்து டாலராக அவிழ்ப்பார்கள். இரண்டு மாதத்துக்குள் அவிழாதது போச்சு. நடுவில் போட்ட முதலை வெளியே எடுத்தாலும் மிச்ச போனஸ் போச்சு.

"அப்ப டப்பாவுல போட்டதுல கொஞ்சத்தைத் திருப்பிக் குடுக்கிறான், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அண்ணி. அதை வாங்கறதுக்கு நாம தோக்காம இருக்கணும். அதான் கஷ்டம்."

முதலில் ருவேலிடம் காசைக் கொடுத்து ஐம்பது டாலர் கணக்கில் போட்டாள். சின்ன மேஜைகளிலேயே ஆடி ஐம்பதையும் அவிழ்த்து, முதலோடு வெளியே எடுத்தாள். மகளுக்கு ஷூ வாங்கினாள், மாமியாருக்கு ஒரு மின்விசிறி. சலுத் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீட்டாடி வந்த காத்தா இது?" என்று கேட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு வந்தது பெரிய போனஸ், அறுநூறு டாலர் வரைக்கும். அவளிடம் ஐம்பதாயிரம் பெசோ இருந்தது. ஓத்தோன் ஊரில் பிடித்த மனைக்குக் கடைசித் தவணை அது; டிசம்பரில் கட்ட வேண்டும். ஜனவரி பிறந்ததும் தியோதுலோ வந்து வீடு எழுப்புவதாக இருந்தான். தவணைக்குத்தான் நாள் இருக்கிறதே என்று அதில் முப்பதாயிரத்தை எடுத்து அறுநூறு டாலராகப் போட்டாள்.

ஐந்து வாரம் பழைய மாதிரியே பொறுமையாக ஆடினாள். போட்ட முதலில் இருபது டாலர் குறைந்திருந்தது, போனஸில் நூற்றைம்பது அவிழ்ந்திருந்தது. ஆக எழுநூற்று முப்பது. கெடு முடிய மூன்று வாரந்தான் மிச்சம். இந்த வேகத்தில் போனால் இன்னும் நூறு வந்தாலே அதிகம். பெரிய மேஜைக்குப் போனால் பங்கும் பெரிதாக எடுப்பார்கள், போனஸும் மளமளவென்று அவிழும். ஒரு மட்டமான நாள் வந்தால் இருநூறு டாலர் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

"எழுநூத்தி முப்பதையும் எடுத்துருங்க அண்ணி. நூத்தி முப்பது லாபம், போதும்."

"நானூத்தம்பது அங்க நிக்குதே, தம்பி."

"அது நம்மளது இல்ல."

"பேரு போட்டுக் காட்டுறான், என் பேரு."

"காட்டுவான், அவனுக்கென்ன. இது சாவு வீடு இல்ல அண்ணி. பாதியில எழுந்தா இங்க யாரும் கோவிச்சுக்கப்போறதில்ல."

அவள் திரையின் ஓரத்தில் போனஸ் கணக்கைக் காட்டும், கால்வாசி நிரம்பிய பச்சைக் கோடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருவேல் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மறுநாளே பெரிய மேஜையில் உட்கார்ந்தாள். அங்கே யாருக்கும் தூக்கம் வரவில்லை. இவள் காத்திருந்தால் அவர்களும் காத்திருந்தார்கள். இவள் நல்ல சீட்டோடு வந்தால் விலகிக்கொண்டார்கள். பத்து டாலர் அவிழும், ஐம்பது அறுபது போகும். ஒரு வாரத்தில் முதல் கரைந்தது, பச்சைக் கோடு பாதி தாண்டியிருந்தது. இப்போது விட்டால் போன பணமும் போச்சு, வரவேண்டிய போனஸும் போச்சு என்று நினைத்தாள். மிச்சமிருந்த இருபதாயிரம் பெசோவை எடுத்துக்கொண்டு இலோய்லோ நகரத்துக்குப் போய், வேறொரு ஆளிடம் கொடுத்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டாள். ருவேலிடம் மூச்சு விடவில்லை.

கெடுவுக்கு முதல் நாள் பச்சைக் கோடு முழுதாக நிரம்பியது. வாழ்த்துகள் என்று திரையில் காகிதப் பூ கொட்டியது. அறுநூறு டாலரில் ஒரு டாலர் விடாமல் வாங்கிவிட்டாள். தான் போட்ட ஆயிரம், அவர்கள் கொடுத்த அறுநூறு, எல்லாம் போய்க் கணக்கில் கிடந்தது முப்பத்தைந்து.

டிசம்பரில் தவணை கட்டவில்லை. ஜனவரியில் தியோதுலோ சிமெண்டு விலை விசாரித்துக்கொண்டே வந்து இறங்கினான். மனைக்காரர் அதற்குள் மனைக்குக் கிழக்கு வீட்டு டீச்சருக்குப் பேசி முடித்துவிட்டார்.

"ஐம்பதாயிரமும் எங்கடி?"

"போனஸ் முழுசா வந்துச்சுங்க," என்றாள் அவள்.

"போனஸா? யாருக்கு வந்துச்சு?"

சலுத் விசிறியை நிறுத்தினாள். "பேசட்டும். கேக்கணும்ல."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து முப்பத்தைந்து டாலரைக் காட்டினாள். தியோதுலோ அடிக்கவுமில்லை, கத்தவுமில்லை. கம்ப்யூட்டரை ருவேலின் கடைக்கே தூக்கிக் கொடுத்தான். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடும்போது, மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்தைப் பெண்டாட்டி பெயரிலிருந்து அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது ஃப்ளோரபெல் சலுத்தின் வீட்டில் பின்னறையில் மகளோடு இருக்கிறாள். காலையில் சந்தைக்குப் போக மாமியாரிடம் காசு வாங்கிக்கொண்டு போகிறாள். மிச்சச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிறாள்.