ஏரிக்கரையில் மூச்சு வாங்கிய வண்டி

அரக்கோணம் பக்கம் ஒரு மாந்தோப்பில், கீற்றுக் கொட்டகைக்குள் வருஷக்கணக்காக சும்மா நின்றிருந்த பழைய டிராக்டரை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு வந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தாமலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை, இடுப்பில் கைக்குழந்தை. அவர் முதல் தடவை அதைக் களத்து மேட்டில் கிளப்பியபோது தரை அதிர்ந்து என் உள்ளங்கால் வழியாக முழங்கால் வரைக்கும் ஏறியது. கட்டியிருந்த மாடுகள் நாலும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றுவிட்டன. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

ஆனால் அந்த ராட்சசனுக்கு ஒரு நோய் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று தொண்டை கட்டினவன் மாதிரி இழுக்கும், இரண்டு குலுக்கு குலுக்கும், நின்றுவிடும். உடனே இவர் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். பிறகு டீசல் போகிற குழாயின் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுவார். அதற்கு 'ஏர் எடுக்கறது' என்று பேர். முறுக்கிவிட்டுக் கிளப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும்.

"இன்னாபா, உன் வண்டி ஒரு சால் ஓட்டினா ஒரு டீ கேக்குதே!" என்று பக்கத்துக் கழனிக்காரர் கத்துவார். இவர் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனோம். நான் குழந்தைக்கு ஊசி போட வேண்டியிருந்ததால் கூடவே மட்கார்டில் உட்கார்ந்து போனேன். முகூர்த்த நாள். ராஜவீதியில், பட்டுக்கடை வாசலில் கல்யாணக் கூட்டம் நிற்கிற இடமாகப் பார்த்து வண்டி நின்றது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள். எல்லோரும் பார்க்க இவர் ஏர் எடுத்தார். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருக்கோடியில் அந்த மெக்கானிக் பாயின் கொட்டகை. கைராசிக்காரர், நிதானமானவர். டேங்கைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துவிட்டு, இஞ்சினின் மேல்மூடியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். வெளியே அத்தனை அழுக்கும் துருவுமாக இருந்த வண்டிக்குள்ளே எண்ணெய் பூசிய இரும்பெல்லாம் மூலவர் சிலை மாதிரி மின்னியது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

பாய் விட்டத்தில் ஒரு டின்னைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாக டீசல் விட்டு இஞ்சினை ஓட்டினார். சாயங்காலம் வரைக்கும் நிற்காமல் ஓடியது. "டேங்க்ல கசடு இருந்துச்சு தம்பி. கழுவிட்டேன். இனிமே நிக்காது," என்றார். டேங்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். பாலுசெட்டிசத்திரம் தாண்டியதும் நின்றது. இவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தாமல் ஏரி அப்படி நிரம்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரைமேல் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. காற்றடித்தால் அலை வந்து கரையை அறைந்தது. ஒரு நாள் காலையில் மதகுக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறம் தண்ணீர் கசிகிறது என்று ஆள் ஓடிவந்தான். தெளிந்த தண்ணீராக இருந்திருந்தால் இத்தனை பயமில்லை. மண் கலந்து சிவப்பாக வந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று அர்த்தம்.

ஊரே கூடையோடு திரண்டது. மாட்டு வண்டிகள் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டன. மேட்டு நிலத்திலிருந்து சரளை மண் கொண்டுவர எங்கள் டிராக்டரையும் டிரெய்லரையும் விட்டால் வேறு வழியில்லை. நடுவில் நிற்கக்கூடாதே என்று இவர் டேங்க் நிறைய, மூடி வரைக்கும் டீசல் ஊற்றினார். அன்றைக்குத்தான் வண்டி முன்னைவிட மோசமாக நின்றது. பாதி தூரம்கூட வரவில்லை.

மத்தியானம் நான் தூக்குவாளியில் கஞ்சியும் இடுப்பில் குழந்தையுமாகப் போனபோது, வண்டி மண் பாரத்தோடு கரையடியில் நின்றிருந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. இவர் சேறு வழிய இறங்கி நின்றார்.

"நிறைய ஊத்துனா சீக்கிரம் நிக்குது. கம்மியா இருந்தா கொஞ்சம் தாங்குது. இன்னா நியாயம் இது?" என்றார்.

குழந்தை அழுதது. டிரெய்லரின் ஓரத்தில் சாய்ந்து பால் புட்டியைக் கொடுத்தேன். வேகமாக உறிஞ்சினான். ரப்பர் காம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டது, பால் வரவில்லை, வாயை எடுத்து வீரிட்டான். காம்பு விரிந்து, குபுகுபுவென்று குமிழி உள்ளே போனது. மறுபடி வாயில் வைத்தான், பால் வந்தது. தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"ஏங்க, அந்த டேங்குக்குள்ள காத்து போறதுக்கு வழி இருக்குதா?"

"டீசல் டேங்குக்கு இன்னாத்துக்குக் காத்து?"

"புட்டிக்குள்ள காத்து போனாத்தானே பால் வருது. நீங்க ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொறந்து குச்சி விட்டுப் பாக்கறீங்க. அப்பதான் காத்து போவுது போல. பாய் டின்னுல ஊத்தி ஓட்டும்போது டின்னுக்கு மூடியே இல்லையே."

அவர் களைத்திருந்தார். 'சும்மா இரு' என்று சொல்லியிருந்தால் நான் நகர்ந்திருப்பேன். சொல்லவில்லை. புட்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மெதுவாக மூடியைத் திருகி எடுத்தார். நட்டைத் தொடவில்லை, பம்பையும் அடிக்கவில்லை. அப்படியே கிளப்பினார். கிளம்பிவிட்டது.

"நான் ஏரே எடுக்கலியே!" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு டயரில் கால் வைத்து ஏறினேன். டேங்கின் வாயை என் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. டீசல் நாற்றம், அதிர்வு, அவ்வளவுதான். கை மரத்துப்போகும்போலிருந்தது. பிறகு கன்றுக்குட்டி விரலைச் சப்புகிற மாதிரி, என் உள்ளங்கைச் சதை மெல்ல உள்ளே போக ஆரம்பித்தது. இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. கீழே இஞ்சின் தடுமாறியது. கையைப் பிய்த்து எடுத்தேன். உஸ்ஸென்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. இஞ்சின் சத்தம் தெளிந்துவிட்டது.

அந்தப் பெரிய ஏரியை ஒரு பக்கமும் இந்த இரும்பை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, என்னால் சிறிது நேரம் இறங்கவே முடியவில்லை. இத்தனை நாளும் காற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். அது காற்றுக்குத்தான் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது. டேங்க் நிறைய டீசல் ஊற்றினால் உள்ளே கொஞ்சம் காற்றுக்குக்கூட இடமில்லை, அதனால்தான் சீக்கிரம் நின்றது.

"எறங்கு, நான் பாக்கறேன்," என்று குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அவரும் ஏறி உள்ளங்கையை வைத்தார். இழுப்பு வந்ததும் சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கடுகளவு ஓட்டை ஒன்று இருந்தது. அது நிறைய மண். தோப்பில் சும்மா நின்ற காலத்தில் ஏதோ குளவி வந்து அடைத்திருக்கிறது. சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். குத்திக் குத்தி எடுத்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்தபோது ஓட்டை வழியாக ஒரு பொட்டு வானம் தெரிந்தது.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. பாரம் ஏற்ற ஏற்ற, கொட்டக் கொட்ட, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பொழுது சாய்வதற்குள் கசிவின் மேல் ஒரு குன்று மாதிரி சரளை ஏறிவிட்டது. செம்மண் தண்ணீர் சன்னமாகி, தெளிந்து, கடைசியில் வெறும் ஈரமாக நின்றது. அந்தப் பக்கம், ஏரி நிரம்பினால் வழிகிற கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. ஆட்கள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை முடிந்த பிறகும் அவர் இஞ்சினை அணைக்கவில்லை. பக்கத்தில் போய், "நிறுத்துங்களேன், டீசல் வீணாப் போவுது," என்றேன்.

"இரு மா," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

குழந்தை என் தோளில் தூங்கிவிட்டிருந்தான். நாங்கள் இருவரும் பானட்டின் மேல் ஆளுக்கொரு கையை வைத்துக்கொண்டு, அது ஓடுகிறதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.