அக்காவின் கேஸ் ஷீட்டில் ஒரு கேள்விக்குறி

ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். டாக்டர் எழுதியதைப் படித்து, இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப நோய்க்குக் குறியீடு போடுபவர்கள் ஏழு பேர். அதைச் சரிபார்ப்பவள் அவள் ஒருத்திதான். வெளிநோயாளியின் கேஸ் ஷீட்டில் நோயின் பெயருக்கு முன்னால் டாக்டர் கேள்விக்குறி போட்டிருந்தால், அந்த நோய்க்குக் குறியீடு கூடாது. இருமல், மயக்கம் என்று அறிகுறியை மட்டும்தான் போடலாம். பதினான்கு வருடமாக இந்த விதியில் இம்மி பிசகியவர்களை அவள் விட்டு வைத்ததில்லை. "கேள்விக்குறி வருது, நிமிர்ந்து உக்காருங்க" என்பார்கள்.

அந்த விதி அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். கொஞ்ச நாளாகப் படபடப்பு, தலைசுற்றல். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் முடிச்சுகள் தெரிந்தன. டாக்டர் கேள்விக்குறி போட்டு 'இதய சார்காய்டோசிஸ்' என்று எழுதினார். சார்காய்டோசிஸ் என்பது உறுப்புகளில் முடிச்சு முடிச்சாகக் கட்டும் நோய்; இதயத்துக்குள் போய்விட்டால் ஆளையே சாய்த்துவிடும். போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் அது எட்டாக்கனி. வெறும் படபடப்புக்கெல்லாம் அந்த ஸ்கேன் கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

தங்கைக்காரி டாக்டரிடம் போய் நின்றாள். "அந்தக் கேள்விக்குறிய மட்டும் எடுத்துடுங்க டாக்டர்."

"ஸ்கேன் பாக்காம எப்படிம்மா எடுக்கறது?"

நோய் உறுதியானால்தான் ஸ்கேன், ஸ்கேன் எடுத்தால்தான் நோய் உறுதி. இந்தச் செக்குமாட்டு வேலையை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ. இத்தனை வருடம் அந்தச் செக்கை ஓட்டியவளே தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அக்காவின் கேஸ் ஷீட் மறுபடி குறியீடு போடப் பக்கத்து சீட்டுக்காரரிடம் வந்திருந்தது. ரிட்டயராகப் பதினோரு மாதம் பாக்கியுள்ள மனிதர்.

"சார், அதை உறுதின்னே போட்டுடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் இதே தப்புக்குத்தான் மேடம் எனக்கு மெமோ குடுத்தீங்க."

"தெரியும் சார். எங்க அக்கா சார்."

அவர் போட்டுவிட்டார். பத்தில் ஒரு ஷீட்டைக் கணினியே பொறுக்கி அவளுக்குச் சரிபார்க்க அனுப்பும். பாழாய்ப்போன கணினி அதையே பொறுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்று அழுத்தினாள்.

ஸ்கேனுக்கு அனுமதி வந்தது. இதயம் சுத்தம். முடிச்சுகள் எப்போதோ வந்து ஆறிய ஏதோ தொற்றின் தழும்புகளாம். சார்காய்டோசிஸே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் அக்காவும் தங்கையும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள்.

நாலு மாதம் கழித்து அக்காவுக்கு டெப்போவில் வருடாந்திர உடல்தகுதிச் சோதனை. பழைய பதிவுகளை வாங்கிப் பார்த்தார்கள். 'இதய சார்காய்டோசிஸ், உறுதி' என்று அதில் இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டியும், பதிவு மாறாமல் முடியாது என்றார்கள். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, டிரைவர்களுக்கு பஸ் சாவி கொடுக்கும் அறைக்குப் போ என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

பதிவைத் திருத்த வழி உண்டு. குறியீடு போட்டது யார், சரிபார்த்தது யார், டாக்டரின் எந்த வார்த்தையை வைத்துப் போட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினால் இரண்டு பேருக்கு வேலை போகும். எழுதாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் சாவி கொடுக்க வேண்டியதுதான்.

அக்கா கடிதத்தைச் சமையலறை மேடையில் வைத்தாள். "எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான்டி. யாருன்னு பாரேன்."

இதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை. "நான்தான்க்கா போட வெச்சேன். ஸ்கேன் கிடைக்கணும்னு."

அக்காவின் முகம் தெளிந்தது.

"நீதானா? நான்கூட யாரு கால்ல விழணுமோன்னு பயந்துட்டேன். அப்ப நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா அதை எடுத்துடு."